ரெஷன் முதல் போட்சன் வரை: ஆல்ப்ஸ் ஆற்றோரம் இருவராக சைக்கிளில் போக ஒரு வழிகாட்டி

நானும் கணவரும் ஆல்ப்ஸ் மலையில் சைக்கிளில் போய்வந்தோம் என்றதும் எல்லோரும் கேட்பது, "அவ்வளவு மேடு எப்படி ஏறினீங்க?" என்றுதான். நாங்கள் பெரிதாக மேடு எதுவும் ஏறவில்லை. இத்தாலியின் வடக்கு மூலையில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி ரெஷன் கணவாய் இருக்கிறது. உயரம் சுமார் 1,500 மீட்டர். எட்ச் நதி அங்கேதான் பிறக்கிறது. அதன் கூடவே ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் இறங்கி, மெரான் வழியாகப் போட்சன் நகரம் வந்தால் உயரம் 260 மீட்டர்தான். கார் வராத தனிப் பாதையும், தோட்டங்களுக்கு நடுவே போகும் சின்னச் சாலைகளும்தான் பெரும்பகுதி. இடையிடையே சின்ன ஏற்றங்கள் உண்டு. நாற்பதைத் தாண்டிய, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சைக்கிள் மிதிக்கிற எங்களால் நன்றாகவே முடிந்தது.

நாங்கள் திணறியதெல்லாம் கிளம்புவதற்கு முன்னால்தான். விசா, அறை, ரயில், வாடகை சைக்கிள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எதை முதலில் முடிவு செய்வது என்று தெரியாமல் இரண்டு மாதம் போய்விட்டது. நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்று, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. சைக்கிளை எங்கே திருப்பிக் கொடுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோரும் எங்கே ஆரம்பிப்பது என்பதிலிருந்து யோசிப்பார்கள். நாங்களும் அப்படித்தான் யோசித்தோம், அது தப்பு. இந்தப் பள்ளத்தாக்கில் ரயில் நிலையங்களை ஒட்டி வாடகை சைக்கிள் கடைகள் இருக்கின்றன. ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடலாம். ஆனால் அதே நிறுவனத்தின் கிளை இருக்கும் ஊரில்தான் விட முடியும். நதி கூடவே டிரென்டோ, வெரோனா வரை போகலாம் என்று வரைபடத்தைப் பார்த்து ஆசைப்பட்டோம். விசாரித்தபோது நாங்கள் எடுக்கவிருந்த கடைக்குக் கடைசிக் கிளை போட்சன் பக்கத்தில்தான் இருந்தது. அதற்குள் வெரோனாவில் அறை போட்டுவிட்டோம், ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

அதனால் முதலில் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்றே மூன்று விஷயம் கேளுங்கள்: எங்கே விடலாம், எத்தனை மணிக்குள் விட வேண்டும், வேறு ஊரில் விட்டால் கூடுதல் கட்டணமா. பதில் வந்தபிறகு அறை, அறைக்குப் பிறகு விசா, கடைசியில் ரயில்.

சொந்த சைக்கிளை விமானத்தில் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்சைக்கிளை அப்படிக் கொண்டுபோக முடியாது, அந்த அளவு பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற அனுமதியில்லை. சாதா சைக்கிளைக் கொண்டுபோகலாம், ஆனால் ஆறு நாள் ஓட்டுவதற்கு அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு திரிவது வேண்டாத வேலை.

2. எப்போது போவது

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை, அல்லது செப்டம்பர். ஏப்ரலில் கீழே மெரான் பக்கம் ஆப்பிள் பூத்துக் கொட்டும், ஆனால் மேலே ரெஷனில் குளிர் விட்டிருக்காது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய இரண்டு வாரம் இத்தாலியே விடுமுறையில் இருக்கும். அறை விலையும் கூட்டமும் உச்சம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நாங்கள் செப்டம்பர் இரண்டாவது வாரம் போனோம். ஆப்பிள் அறுவடை நேரம். பாதையின் இரண்டு பக்கமும் தோள் உயரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்கும். கை நீட்டினால் எட்டும், பறிக்காதீர்கள், அது திருட்டுத்தான். பண்ணை வாசல்களில் சின்ன மேசை போட்டு ஆப்பிளும் உண்டியலும் வைத்திருப்பார்கள், காசைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். பெட்டி அடுக்கிய டிராக்டர்கள் அதே பாதையில்தான் வரும். டிராக்டரைக் கண்டால் நின்று வழிவிடுங்கள். நமக்கு விடுமுறை, அவர்களுக்கு வருஷத்தின் முக்கியமான வேலை நாள்.

3. விசா: எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது

இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஒரே விசா வேண்டும். நாங்கள் பெரிதாக ஏமாந்தது இங்கேதான். மியூனிக்கில் இறங்குவதால் ஜெர்மனிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டு, அதற்கே நேரம் வாங்கினோம். விதி வேறு. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு மியூனிக்கில் இரண்டு இரவு, இத்தாலியில் ஏழு இரவு, ஆகவே இத்தாலி. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்ததில் மூன்று வாரம் வீணானது.

கட்டணம் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் என்பது கணக்கு, சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை போகலாம். கோடையில் நேரம் கிடைப்பதே கஷ்டம். மூன்று மாதம் முன்னாலேயே தேதி பிடித்துவிடுங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்ட பாஸ்போர்ட், அதில் இரண்டு காலிப் பக்கம், ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, அலுவலக விடுப்புக் கடிதம், விமான முன்பதிவு, ஒவ்வோர் இரவுக்கும் அறை முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடு. காப்பீட்டில் சைக்கிள் ஓட்டும்போது அடிபட்டால் பணம் வருமா, மின்சைக்கிளுக்கும் பொருந்துமா என்று விவரமாகப் படித்துப் பாருங்கள். கணவன் மனைவி சேர்ந்து போகும்போது இன்னொன்று: பாஸ்போர்ட்டில் ஒருவர் பெயர் மற்றவர் பக்கத்தில் இல்லையென்றால் திருமணச் சான்றிதழ் நகலும் வையுங்கள்.

தினமும் ஊர் மாறும் பயணம் என்பதால் எங்கள் கோப்பில் ஏழு இரவுக்கு ஐந்து விடுதி இருந்தது. வரிசை புரியும்படி ஒரு தாளில் தேதி, ஊர், விடுதி முகவரி, அன்றைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அட்டவணை போட்டு மேலே வைத்தோம். வாங்கிப் பார்த்தவர் வேறு கேள்வியே கேட்கவில்லை.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் புகைப்படமும் கைரேகையும் எடுத்துப் பதியும் புது முறை வந்திருக்கிறது. விமானம் இறங்கி ஒரு மணி நேரத்தில் ரயில் என்று திட்டம் போடாதீர்கள்.

4. அறை போடும்போது ஊர்ப் பெயரை இரண்டு தடவை பாருங்கள்

இந்தப் பகுதிக்குத் தெற்கு டிரோல் என்று பெயர். இத்தாலி நாடு, ஆனால் பெரும்பாலோர் பேசுவது ஜெர்மன். ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு பெயர், பலகையில் இரண்டும் இருக்கும். ரெஷன்தான் ரேசியா, மால்ஸ்தான் மால்லெஸ், குளுர்ன்ஸ்தான் குளோரென்ட்சா, போட்சன்தான் போல்ட்சானோ, எட்ச்தான் ஆதிஜே. ஒரு தாளில் எழுதி சைக்கிள் கைப்பிடிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ் என்று ஓர் ஊர், லாட்ச் என்று இன்னோர் ஊர். இத்தாலியனில் லாசா, லாச்செஸ். இரண்டும் இதே பாதையில்தான், நடுவில் 14 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய. லாஸில் தங்குவதாக நினைத்து லாட்சில் அறை போட்டிருந்தேன். மூன்று மணிக்கு லாஸ் வந்து, தூறலில் தெருத்தெருவாக விடுதியைத் தேடினோம். கணவர் ஒரு கூரைக்கடியில் நின்று முன்பதிவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது லாஸ் இல்லை, லாட்ச்" என்றார். மிச்ச தூரத்தை மழையில் ஓட்டினோம். இறக்கமாக இருந்ததால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ஏற்றமாக இருந்திருந்தால் அன்றைக்கு என்னால் முடிந்திருக்காது.

விடுதி விளம்பரத்தில் கார்னி என்றிருந்தால் காலை உணவு மட்டும்தான். அந்தக் கிராமத்தில் வேறு சாப்பாட்டுக் கடை இருக்கிறதா, அன்றைக்கு அதற்கு ஓய்வுநாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சைக்கிள் பூட்டி வைக்க அறை உண்டா, மின்சைக்கிள் பேட்டரி சார்ஜ் செய்ய வசதி உண்டா என்பதையும் கேளுங்கள். அறை வாடகைக்கு மேல் சுற்றுலா வரி ஒன்று, ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று விடுதியிலேயே வாங்குவார்கள்.

கெஸ்ட் பாஸ் தருவீர்களா என்று கேட்க மறக்காதீர்கள். பல விடுதிகள் இலவசமாகவே தருகின்றன. அது இருந்தால் தெற்கு டிரோல் முழுவதும் பஸ்ஸும் உள்ளூர் ரயிலும் நமக்கு இலவசம். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

5. மேலே போய்ச் சேருவது

மியூனிக்கிலிருந்து இன்ஸ்புருக், பிரென்னர் வழியாகப் போட்சனுக்கு நேரடி ரயில் இருக்கிறது. சுமார் நான்கு மணி நேரம். முன்கூட்டி எடுத்தால் டிக்கெட் பாதி விலைக்கும் கிடைக்கிறது. போட்சனில் மாறி மெரான், அங்கே மாறி மால்ஸ். இந்த ரயிலில் எல்லையில் போலீஸ் ஏறிப் பார்ப்பது உண்டு, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

மெரான்–மால்ஸ் ரயில் பாதையை மின்மயமாக்கும் வேலை நடந்துவருகிறது. சில காலங்களில் சில பகுதிகளில் ரயிலுக்குப் பதில் பஸ்தான் ஓடும். நீங்கள் போகும் தேதிக்கு என்ன ஓடுகிறது என்று சூட்டிரோல்மொபில் செயலியில் முதலில் ஒருமுறை, கிளம்பும் வாரம் இன்னொருமுறை பாருங்கள். கால் வலித்தால், மழை பிடித்தால் ரயிலேறிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தப் பாதையின் பெரிய வசதி. அந்த வசதி அன்றைக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு ஓட்டுவது நல்லது. ரயில் ஓடினாலும் சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான், இடமில்லை என்றால் ஏற்ற மாட்டார்கள்.

மால்ஸில் சைக்கிள் எடுத்துவிட்டு, சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும் ஷட்டிலில் ரெஷன் வரை மேலே போவதுதான் சுலபம். அதற்கு இடம் முன்பதிவு செய்ய வேண்டும். வந்து சேரும் நாள் இரவு மால்ஸிலேயே தங்குங்கள். பயணக் களைப்போடு அன்றே ஓட்ட ஆரம்பிக்காதீர்கள்.

6. சைக்கிள் எடுக்கும் அரைமணி நேரம்

இங்கே அவசரப்படவே கூடாது. கடைக்காரர் உயரம் கேட்டு ஒன்றை எடுத்து நீட்டுவார். வெளியே கொண்டுபோய் பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள், முதல் நாளே நீண்ட இறக்கம். சீட்டில் உட்கார்ந்து மிதியைக் கீழே விட்டால் கால் லேசாக மடங்கிய மாதிரி இருக்க வேண்டும். அந்த உயரத்தில் சீட் கம்பியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டேன். யாராவது இறக்கினாலும் திரும்ப அதே அளவுக்கு வைத்துவிடலாம்.

கீறல் இருந்தால் புகைப்படம் எடுங்கள். பஞ்சர் சாமான், பம்ப், பூட்டு, மணி, முன் பின் விளக்கு எல்லாம் இருக்கிறதா பாருங்கள். ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டினால், அல்லது சுரங்கப் பாதையில் போனால், ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை போட வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம். இருவர் பக்கம் பக்கமாக ஓட்டுவதும் ஊருக்கு வெளியே கூடாது, ஒருவர் பின் ஒருவர்தான்.

இருவரில் ஒருவருக்குத் தெம்பு குறைவென்றால் அவருக்கு மின்சைக்கிள் எடுங்கள். எனக்கு அதைத்தான் எடுத்தோம், அதனால்தான் ஆறு நாளும் சண்டையில்லாமல் போனது. முன்னால் போகிறவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், பின்னால் வருகிறவர் மூச்சு வாங்குவதும் மூன்றாம் நாளே மனஸ்தாபத்தில் முடியும். மெதுவாகப் போகிறவர் முன்னால் போவதுதான் எங்கள் ஏற்பாடு.

மூட்டையை விடுதி விட்டு விடுதிக்கு வேனில் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை இருக்கிறது. நல்ல வசதி, ஆனால் பாஸ்போர்ட்டை அந்தப் பையில் வைக்காதீர்கள். விடுதியில் பதிவதற்கும் சைக்கிள் கடையில் காட்டுவதற்கும் அசல் வேண்டும். மெரானில் கடை வாசலில் நின்றபோதுதான் பாஸ்போர்ட் பைக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது. ஓடினோம். பை இன்னும் வரவேற்பறையிலேயே இருந்ததால் தப்பித்தோம்.

7. பாதை, நாள்வாரியாக

முதல் நாள், ரெஷனிலிருந்து குளுர்ன்ஸ், சுமார் 27 கிலோமீட்டர். ரெஷன் ஏரிக்கு இரண்டு கரையிலும் பாதை உண்டு. தண்ணீருக்குள் நிற்கும் தேவாலயக் கோபுரம் கிழக்குக் கரையில், கிராவுன் ஊர்ப் பக்கம். 1950-இல் அணைக்காக மூழ்கிய பழைய ஊரில் மிஞ்சியது அது மட்டும்தான். ஏரி முடிந்ததும் மால்ஸ் மேட்டுச் சரிவு. காற்று பலமாக வீசும், இறக்கம் செங்குத்து. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதீர்கள், சூடேறிப் பிடிப்பு குறையும். பிடித்து விட்டு, பிடித்து விட்டு, நடுவில் நின்று நின்று இறங்குங்கள். நான் பாதி வழியில் நிறுத்தியபோது பிரேக் தட்டிலிருந்து கருகிய வாசனை வந்தது. பத்து நிமிஷம் புல்லில் உட்கார்ந்தோம். எதிரே ஓர்ட்லர் சிகரம் பனியோடு நின்றது.

குளுர்ன்ஸ் முழுக்க மதில் சூழ்ந்த சின்னஞ்சிறு நகரம். சாயங்காலம் நடந்தே சுற்றிவிடலாம்.

இரண்டாம் நாள் லாட்ச் வரை 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். லாஸில் வெள்ளைச் சலவைக்கல் வெட்டுகிறார்கள், நடைபாதை ஓரமே அந்தக் கல்தான். இந்தப் பகுதியில் ஆப்பிள் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் சுழலும்போது பாதையிலும் விழும். போனை உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மலைச்சரிவில் பழைய பாசன வாய்க்கால்களை ஒட்டி நிழலான வழிகள் போகும், வால்வெக் என்பார்கள். பார்த்தால் ஆசையாக இருக்கும். அவை நடப்பவர்களுக்கானவை, சைக்கிளில் போகக் கூடாது. இறங்கி ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். வாய்க்கால் கரையில் நடந்து வளர்ந்தவர்களுக்கு மனசு நிறைந்துவிடும்.

மூன்றாம் நாள் மெரான். டெல் என்ற இடத்தில் பள்ளத்தாக்கு திடீரென்று ஒரு படி இறங்கும். வளைவு வளைவான இறக்கம், எதிரே ஆள் வரும், வேகம் வேண்டாம். மெரானில் ஒரு நாள் ஓய்வெடுங்கள். ஓய்வு நாளுக்கும் சைக்கிள் வாடகை ஓடும் என்பதால், அங்கேயே திருப்பிக் கொடுத்து மறுநாள் வேறு எடுக்கலாம். உங்கள் அளவு இருக்குமா என்று முன்பே சொல்லி வையுங்கள். நாங்கள் அதை யோசிக்காமல் வாடகை கட்டிவிட்டோம். பின் சக்கரம் தகராறு செய்ததால்தான் மெரான் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் போட்சன், ஆற்றங்கரையில் 30 கிலோமீட்டர், சமதளம். ஆறாம் நாள் இன்னும் தெற்கே சலூர்ன் வரை போய் ரயிலில் போட்சன் திரும்பினோம். இந்தக் கீழ்ப் பகுதியில் மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து எதிர்காற்று வீசும், ஓரா என்று பெயர். எட்டு மணிக்குக் கிளம்பி பன்னிரண்டுக்குள் முடித்துவிடுங்கள். நாங்கள் பத்தரைக்குக் கிளம்பினோம், சமதளத்திலேயே முதல் முறையாக எனக்கு முட்டி வலித்தது.

8. சாப்பாடு

உணவகங்களில் சமையலறை இரண்டு மணிக்கு மூடினால் ஆறு மணிக்குத்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை கிராமத்தில் மளிகைக்கடை இருக்காது. சனிக்கிழமையே ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கி வையுங்கள். ஊருக்கு ஊர் குடிநீர் ஊற்றுக்குழாய் இருக்கிறது, குடிக்கக் கூடாதென்றால் பலகை இருக்கும்.

சைவக்காரர்கள் ஷ்லுட்ஸ்க்ராப்ஃபென் கேளுங்கள், கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்த சோமாசு மாதிரி. க்னோடெல் என்னும் ரொட்டி உருண்டையில் கீரை வைத்ததும் உண்டு, பன்றி இறைச்சி வைத்ததும் உண்டு. சூப்பில் போட்டு வந்தால் அது மாட்டிறைச்சிச் சாறாக இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஃபின்ஷ்காவில் பார்ல் என்று கம்புக்கு நெருங்கிய நிறத்தில் ரை என்னும் தானிய மாவில் செய்த ரொட்டி விற்பார்கள். இரண்டு வட்டம் ஒட்டியபடி ஜோடியாகவே வரும். பிய்த்தவுடன் வெந்தய வாசனை. வெந்தயத்துக்கு உறவான ஒரு மூலிகையை அதில் போடுகிறார்களாம். ஆளுக்கொரு பாதி, கூட ஒரு ஆப்பிள், பல நாள் மதியம் எங்களுக்கு அதுதான்.

9. எவ்வளவு ஆனது

இத்தாலியில் இருந்த ஏழு இரவுக்கு, இருவருக்கும் சேர்த்து: அறை 910 யூரோ, சாப்பாடு 385, ஒரு சாதா சைக்கிளும் ஒரு மின்சைக்கிளும் ஆறு நாளைக்கு 480, மியூனிக்–போட்சன் ரயில் போகவர 200, மூட்டை வேன் 120, சுற்றுலா வரி 40. ஆக 2,135 யூரோ. விமானம், விசா, மியூனிக் இரவுகள் தனி. குறைக்க வேண்டுமானால் மூட்டை வேனை விட்டுவிட்டு ஆளுக்கு இரண்டு பக்கப் பையில் அடக்கிக்கொள்ளலாம். மின்சைக்கிளில் குறைக்காதீர்கள்.

சின்ன விடுதிகளில் கார்டு வாங்காத இடமும் உண்டு, கையில் 100 யூரோ ரொக்கம் இருக்கட்டும். ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

10. திருப்பிக் கொடுக்கும் நாள்

கடை மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். பேட்டரி சாவி, சார்ஜர், பூட்டுச் சாவி மூன்றையும் காலையிலேயே ஒரே பையில் போட்டு வையுங்கள். பேட்டரி சாவி தொலைந்தால் தனியாகப் பணம் பிடிப்பார்கள். சீட் கம்பியில் ஒட்டிய டேப்பை எடுத்துவிடுங்கள். முன்பணம் பிடித்திருந்தால் அது விடுவிக்கப்பட்டதற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள், வீடு திரும்பியபின் கேட்பது கஷ்டம். ஊர் திரும்பும் ரயிலை மறுநாளுக்கே வையுங்கள்.